தோளைத் தொடும்வரை

நீங்கள் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. ஒரு தாளை எட்டாக மடித்து அதன் அடியில் வைத்திருக்கிறேன். அதனால் எண்ணிக் கொடுத்த தாள்களில் ஒன்று குறையும். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து என்னால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. என் மனைவி இருந்திருந்தால், "உலகத்துல ஆடுற நாற்காலியெல்லாம் உங்களையே தேடி வருதுங்க" என்று சொல்லியிருப்பாள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. மறைக்கிற அளவுக்குத் தெம்பும் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். வாசலில் நிற்கிற உங்கள் காவலர் என்னைக் கேப்டன் சார் என்கிறார். நான் கேப்டன் இல்லை. போரில் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் சார்ஜன்ட்டாக இருந்தேன். திரும்பி வந்து நகரத் தண்ணீர் நிலையத்தில் மேற்பார்வையாளர் ஆனேன். தெருவில் யாரோ ஆரம்பித்துவைத்த கேப்டன் அப்படியே ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடங்களில் நான் அதைத் திருத்தவில்லை. ஆசையாகக் கூப்பிடுகிறவர்களிடம் போய் என்ன சொல்வது?

எங்கள் பிரிவில் ஒரு முறை இருந்தது. ஆறு பேர் வரிசையாகப் போவோம். முன்னால் போகிறவன் 'நில்' என்றால் பின்னால் வருகிறவர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். வைத்த காலை எடுக்கக்கூடாது. மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டக்கூடாது. ஏன் என்று கேட்கக்கூடாது. சொன்னவன் தரையைச் சோதித்துவிட்டு வந்து, தன் கையால் ஒவ்வொருவர் தோளையும் தொடுவான். அதற்குப் பிறகுதான் அடுத்த அடி. வாயால் 'வா' என்று சொன்னால் கணக்கில்லை. பயத்தில் இருப்பவன் காதுக்கு என்ன வேண்டுமானாலும் கேட்கும், தோளுக்கு அப்படி இல்லை. அந்த முறையால் நாங்கள் ஆறு பேரும் இரண்டு கால்களோடு வீடு திரும்பினோம். மற்றப் பிரிவுகளில் விசாரித்துப் பாருங்கள்.

போர் முடிந்த மறுவருடம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மூன்றாம் மாதம் மனைவியை அழைத்துக்கொண்டு என் அப்பாவின் நிலத்தைப் பார்க்கப் போனேன். புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். வீடு எங்கே கட்டுவது, சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்ப்பது என்று கையை வீசிக் காட்டிக்கொண்டே எனக்கு முன்னால் போனாள். மெதுவாகப் போ என்றேன். "நீங்க ஆடி அசைஞ்சு வாங்க, அதுக்குள்ள நான் வீட்டையே கட்டி முடிச்சிடறேன்" என்றாள். அப்போதுதான் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி, மண்ணுக்குள் வட்டமான, துருப்பிடித்த ஒரு விளிம்பு என் கண்ணில் பட்டது.

நில் என்றேன். நின்றாள். என் குரல் அவளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்.

முழங்காலிட்டுக் கத்தியால் மண்ணைச் சுரண்டினேன். அரைமணி நேரம் ஆயிற்று. அவள் கண்ணீர் என் பின்கழுத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் கால் அசையவில்லை. எடுத்ததைச் சட்டையில் சுற்றித் தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டேன். அப்படியே என்மேல் சரிந்தாள். "இனிமே என் உயிர் உங்க கையிலங்க" என்றாள். எல்லா மனைவிகளும் ஏதாவது ஒரு நாள் சொல்கிற வார்த்தைதான். என் மனைவி அதை எழுத்துக்கு எழுத்து நம்பினாள்.

அங்கே வீடு கட்டவில்லை. நகரத்தில், தண்ணீர் நிலையத்துக்குப் பக்கத்தில் குடிவந்தோம். பின்பக்கம் சிமெண்டு முற்றம், ஒரு துணிக்கொடி, ஒரு கதவு. வீட்டிலும் நில் பயன்பட்டது. உடைந்த கண்ணாடி கிடந்தால் நில். தரை ஈரமாக இருந்தால் நில். பிறகு, தன் அக்கா வீட்டுக்கு என்னைக் கேட்காமல் போய்வந்தால், விருந்தாளி முன்னால் அதிகமாகச் சிரித்தால். முதலில் பத்து நிமிடம். பிறகு அரைமணி, ஒரு மணி. காரணங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன என்று என் மகள் சொல்வாள். ஆபத்து எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும், ஒரு டப்பா அளவு. அது அவளுக்குத் தெரியாது.

ஒரு நாளும் நான் கை நீட்டியதில்லை. இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இத்தனை வருடங்களில் கோபத்தோடு என் கை அவள்மேல் பட்டதே இல்லை. தோளைத் தொடத்தான் பட்டிருக்கிறது.

அவள் துன்பப்பட்டாள் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் துணிக்கொடிக்குக் கீழே இவள் நின்றுகொண்டிருந்தபோது, அந்தத் தையல்காரிதான் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, இந்தப் பக்கம் பஸ்ஸெல்லாம் வராது" என்றாள். "வந்தா உனக்கும் சேர்த்து இடம் போட்டுவைக்கிறேன் போ" என்றாள் இவள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிச் சிரிக்கிறவளுக்கு என்ன துன்பம் இருந்திருக்க முடியும்?

இரண்டு வருடங்களுக்கு முன் மகள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினாள். வாசல் கதவருகில் போனபோது நில் என்றேன். சின்ன வயதிலிருந்தே பழக்கம், நின்றுவிட்டாள். பிறகு தரையைக் குனிந்து பார்த்தாள். "இது டைல்ஸ்பா. காடு இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்து போனாள். ஒன்றும் வெடிக்கவில்லை.

அதை என் மனைவி பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அடிக்கடி தரையைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"ஏங்க, அவ நடந்து போனாளே. ஒண்ணும் ஆகலையே?"

"இந்தத் தடவை ஆகலை" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். ஆனால் முன்போல ஆட்டவில்லை.

போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். அவளுக்கு இதயம் பலவீனம். வெயிலில் நிற்கக்கூடாது, மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நானும் கூட இருந்தேன். மாத்திரையை என் மேசை இழுப்பறையில் வைத்து நானே கொடுத்துவந்தேன், அவள் மறந்துவிடுவாள் என்பதால். அன்று பள்ளிக்கூடத்தில் புதிய மண்டபத் திறப்பு. கட்டுப்பாடு என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். எட்டே முக்காலுக்கு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மனைவி மகளுடைய பழைய பள்ளிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பை உப்பியிருந்தது. துணிக்கொடியைத் தாண்டிவிட்டாள். கதவுக்கு இன்னும் இரண்டே எட்டு.

நில் என்றேன். சத்தமாகக்கூட இல்லை.

நின்றாள். முதுகைத்தான் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள், முகம் தெரியவில்லை. எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. வாசலில் பள்ளிக்கூடத்துக் கார் ஹார்ன் அடித்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

அவசரத்தில் அவளை மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. விழா தாமதமாயிற்று, என் போர்ப் பதக்கப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. பதினொரு மணிக்கு அதே காரில் திரும்பி வந்தேன். அவள் அங்கேயே இருந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. முதுகில் துணி நனைந்து ஒட்டியிருந்தது. முழங்கால்கள் லேசாக ஆடின, பையைக் கீழே வைக்கவில்லை. என் காலடிச் சத்தம் அவளுக்குத் தெரியும். "ஏங்க" என்றாள். ஒரே ஒரு தடவை. திரும்பிப் பார்க்காமல்தான் கூப்பிட்டாள். அந்த அளவுக்கு ஒழுங்கு அவளிடம் கடைசிவரை இருந்தது.

சமையலறைப் படியிலிருந்து அவள் தோள்வரை பதினொரு அடி தூரம் இருக்கும். நான் நின்று யோசித்தேன். தொட்டால் அடுத்த எட்டை எந்தப் பக்கம் வைப்பாள் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் ஆபத்து இன்னும் நீங்கவில்லை. நீங்காதபோது தொடக்கூடாது. பதக்கங்களைக் குத்திக்கொண்டு காரில் ஏறினேன்.

பேச்சு நன்றாக வந்தது. முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, "சார், உங்க வீட்லயும் இப்படித்தான் நில்லுன்னு சொல்வீங்களா?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. தையல்காரி சுவருக்கு மேலாகத் தண்ணீரை நீட்டியிருக்கிறாள். இவள் கையை நீட்டவில்லை, "அவர் வரட்டும்" என்றிருக்கிறாள். தையல்காரி மகளுக்குப் போன் செய்திருக்கிறாள். மகள் ஒன்றரை மணிக்கு வந்து பின்கதவைத் திறந்திருக்கிறாள். "வாம்மா, போகலாம்" என்றிருக்கிறாள். அப்போது என் மனைவி சொன்னதை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மகள் என்னிடம் சொன்னாள்.

"'நீ அங்கயே நில்லுடி, இங்க கால் வைக்காத'ன்னாங்கப்பா. என்னைக் காப்பாத்தப் பார்த்தாங்க. தெரியுதா உங்களுக்கு?"

மகள் கேட்கவில்லை. போய்த் தோளைப் பிடித்திருக்கிறாள். என் மனைவி ஓர் எட்டு எடுத்துவைத்தாள், விழுந்தாள். அதோடு சரி. முறைப்படி பார்த்தால் நில் என்று சொன்னவன்தான் தொட வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. இதற்காக நான் மகள்மேல் புகார் எதுவும் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறாள்.

இன்னும் அரைத்தாள் மிச்சம் இருக்கிறது. யாரிடமும் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ரொம்பக் களைப்பாக இருக்கிறது, இதையும் சுமந்துகொண்டு போக முடியாது.

அப்பாவின் நிலத்தில் நான் தோண்டி எடுத்தது ஷூ பாலிஷ் டப்பா. உள்ளே ஒன்றும் இல்லை. முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் சும்மாதான் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டே இருந்தவள், நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அப்படி நின்றாள். போரிலிருந்து வந்த பிறகு அந்த அரைமணி நேரம்தான் என் கைகள் நடுங்காமல் இருந்தன. எழுந்து உண்மையைச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவள் என்மேல் சரிந்து, உயிர் உங்க கையில என்று சொல்லிவிட்டாள். ஆசையாகச் சொல்கிறவளிடம் போய் என்ன சொல்வது?

ஆனால் அது கண்ணிவெடியாகவும் இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்தில் நிறையப் புதைத்திருந்தார்கள். அதையும் நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். அப்படி இருந்திருந்தால், அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடங்கள் அவள் உயிரோடு இருந்ததற்கு நான்தான் காரணம்.