மெக்ரே துரை ஏறிய மலை

சம்பங்கி: இதனால் சகலமான ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்... மகா கனம் பொருந்திய மெக்ரே துரையவர்கள் எட்டு வருஷ காலம் ஞாயிறு தவறாமல் ஏறி, தமது திருக்கரத்தால் கல் அடுக்கிய இந்த மலையின் உச்சிக்கு, அன்னாரது குதிரைக்காரன் சம்பங்கியும், சமையக்காரன் ஏனோக்கும்...

ஏனோக்: பட்லர்.

சம்பங்கி: ...பட்லர் ஏனோக்கும், இன்று எழுந்தருளப் போகிறார்கள். டும் டும் டும்.

ஏனோக்: யாருக்குய்யா தண்டோரா? அந்த ஆட்டுக்கா?

சம்பங்கி: அதுவும் ஜனம்தான். பக்கத்து ஊரு பூதிகோட்டைக்காரனே ஏறாத மலை. வேற யாரைத் தேடறது?

ஏனோக்: மூச்சை மிச்சம் புடி. நாளைக்கு துரைசானி வர்றாங்க. துரை சீமையில செத்து வருஷம் திரும்பல. பாவம், கப்பலேறி வந்திருக்காங்க, அவரு கல்லு மேல ஒரு கல்லு வைக்கணும்னு. வழி சரியா இருக்கான்னு இன்னிக்கே பாத்துடணும்.

சம்பங்கி: இருக்கும், இருக்கும். தோ, பாதிப் பாறை வந்துடுச்சி. உக்காரு.

ஏனோக்: இந்தப் பாறை... எவ்ளோ நாளாச்சி.

சம்பங்கி: கரண்டு விளக்கு வந்த வருஷம்தானே ஊருக்குப் போனாரு. இங்கதான் கால நீட்டிக்குவாரு. பூட்ஸை நான்தான் கழட்டுவேன்.

ஏனோக்: நான் வர்ற ஞாயிறு நான் கழட்டுவேன். ரெண்டு பேரும் சேந்து வந்தா பங்களாவை யாரு பாக்குறதும்பாரு. ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான். அந்த வாரமெல்லாம் சர்ச்சுக்கு வரலன்னு உபதேசியாரு என்னைப் பாக்குற பார்வை இருக்கே...

சம்பங்கி: முட்டை குடுத்து அனுப்புவியே. உப்பு மட்டும் மறந்துடுவே.

ஏனோக்: மறக்கல. அவருக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு.

சம்பங்கி: அதான் உப்பில்லாம தின்னுட்டு என்னைத் திட்டுவாரா? இருக்கட்டும். "ஆறு நாளு தங்கச் சுரங்கத்துல கேஜு ஏறிக் கீழ எறங்குறேன், ஏழாவது நாளாச்சும் மேல ஏறணும்டா"ம்பாரு.

ஏனோக்: கிளப்புல இதே பேச்சுதான். மத்த துரைங்க பந்து அடிப்பாங்க, இவரு மலை பேசுவாரு. "எங்க ஊருல உச்சிக்குப் போறவன் ஒவ்வொருத்தனும் ஒரு கல்லு வைப்பான். என் குவியலு இப்போ என் இடுப்பு ஒசரம்"னு சொல்லி, இடுப்புல கைய வச்சிக் காட்டுவாரு.

சம்பங்கி: அந்த இடுப்பைக் கண்டுபுடிக்கவே நேரமாவும்.

ஏனோக்: செத்தவரை ஏன்யா... ஒரு பாட்டு பாடுவாரே, ஞாபகம் இருக்கா?

சம்பங்கி: எழவு வீட்டுப் பாட்டு மாதிரி. சந்தோஷம் வந்தா மட்டும் அதப் பாடுவாரு. பாடிக்கினே அப்படியே தூங்...

ஏனோக்: இன்னா?

சம்பங்கி: தூரமா பாப்பாருன்னேன். கெளம்பு. நீ முன்னாடி போ.

ஏனோக்: நீ போ. நீதானே குதிரைக்காரன். வழி காட்டுறது உன் வேலை.

சம்பங்கி: குதிரை அடிவாரத்தோட நிக்கும். நீ போ.

ஏனோக்: உன்னோட வர்றப்போ எந்தப் பக்கமா ஏறுவாரு?

சம்பங்கி: உன்னோட வர்றப்போ?

ஏனோக்: நான்தான் முதல்ல கேட்டேன்.

சம்பங்கி: ...சோத்துக்கை பக்கம்.

ஏனோக்: அங்க முள்ளுதான் இருக்கு. பாதையே காணோம்.

சம்பங்கி: மழையில அழிஞ்சிருக்கும்.

ஏனோக்: எட்டு வருஷம் நடந்த பாதையா?

சம்பங்கி: பெரிய மழை. வேட்டியைத் தூக்கிக் கட்டு, பேசாம வா.

ஏனோக்: மேல... ஒரு மரம் இருக்குமே?

சம்பங்கி: இருக்குமே. ஆலமரம். நெழலுன்னா நெழலு, அப்படி ஒரு நெழலு.

ஏனோக்: ஆமாமா. அந்த நெழலு.

சம்பங்கி: ...கையக் குடு. முழங்காலு போச்சி.

ஏனோக்: எனக்கே யாரும் குடுக்கல. ஏறு, ஏறு... இன்னும் கொஞ்சந்தான்.

சம்பங்கி: உனக்கெப்படித் தெரியும் இன்னும் கொஞ்சந்தான்னு?

ஏனோக்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சம்பங்கி: ...வந்துட்டோம்.

ஏனோக்: வந்துட்டோமா?

சம்பங்கி: இதுக்கு மேல மலை இல்லியே.

ஏனோக்: ஆலமரம் எங்க?

சம்பங்கி: வெட்டிட்டானுங்க போல. சுரங்கத்துல முட்டுக் குடுக்க.

ஏனோக்: கல்லுக் குவியலு? அதையும் முட்டுக் குடுக்கத்தான் வெட்டிட்டானுங்களா?

சம்பங்கி: அங்க பாரேன். பாலகாட் சுரங்கத்து சிமினி தெரியுது. கல்லு அரைக்கிற மில்லு சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அரைச்ச மண்ண கொட்டிக் கொட்டி, அந்த மேடு நம்ம மலையைவிட ஒசந்துடும் போல.

ஏனோக்: பேச்சை மாத்தாத.

சம்பங்கி: சரி, குனிஞ்சி கல்லு பொறுக்கு. துரைசானி வந்து மொட்டைப் பாறையைப் பாத்தா இன்னா ஆவும்? புருசன் பொய்யன்னு தெரிஞ்சிக்கிறதுக்கா அம்மாந் தூரம் கப்பல்ல வந்தாங்க?

ஏனோக்: அதுவும் சரிதான். பெருசைக் கீழ வை.

சம்பங்கி: தெரியும்யா. நீ பழசா இருக்குறதாப் பாத்து எடு. பாசி புடிச்சது, காக்கா எச்சம் பட்டது.

ஏனோக்: இடுப்பு ஒசரம் வேணும்.

சம்பங்கி: யாரு இடுப்பு? என் இடுப்பு போதும்.

ஏனோக்: சரி, இந்தா, பாசி புடிச்சது ஒண்ணு.

சம்பங்கி: ஏனோக்கு. ஒண்ணு கேட்டா கோவிச்சிக்க மாட்டியே? உன்னோட வந்தப்போ அவரு...

ஏனோக்: பாதிப் பாறை.

சம்பங்கி: அதோடவா?

ஏனோக்: அதோடதான். முட்டை, பாட்டு, தூக்கம். எழுந்ததும், "உச்சிக்கு சம்பங்கியோட போன வாரம்தான் போனேன், உன்னோட இது போதும். வெளிய சொல்லிடாத"ம்பாரு. நான் யாருகிட்டயும் சொல்லல.

சம்பங்கி: என்கிட்ட, "உச்சிக்கு ஏனோக்கோடதான்"னாரு. நானும் சொல்லல. எட்டு வருஷம் உன்னைப் பாத்து வயிறு எரிஞ்சேன்யா. முட்டை அவிக்கிறவன்கிட்ட இன்னாத்தைக் கண்டாரு, உச்சிக்குக் கூட்டிக்கினு போறாரேன்னு.

ஏனோக்: என் வயிறு மட்டும் குளுந்துதா?

சம்பங்கி: இருந்தாலும்... அவரு பாட்டு நல்லா இருக்கும்.

ஏனோக்: நல்லாவே இருக்காது. இப்போ கேட்டா தேவலன்னு இருக்கு.

சம்பங்கி: சரி, இன்னும் ரெண்டு கல்லு எடு. நாளைக்கு துரைசானி இங்க நிக்கிறப்போ...

ஏனோக்: துரைசானி இங்க வரல.

சம்பங்கி: இன்னா?

ஏனோக்: முழங்கால் வலியாம். பாதிப் பாறையோட உக்காந்துக்குவாங்க. கல்லை நம்ம கையில குடுத்து அனுப்புவாங்க. முந்தாநேத்தே சொல்லிட்டாங்க.

சம்பங்கி: அப்போ என்னை ஏன்யா கல்லு தூக்க விட்டே?

ஏனோக்: துரைக்கு ஒண்ணு இருக்கட்டும்னுதான்.

சம்பங்கி: அது சரி. இந்த முள்ளுல என்னை ஏன் இஸ்துக்கினு வந்தே?

ஏனோக்: எட்டு வருஷமா உனக்கு மட்டும் துரை காட்டுன உச்சியை, நானும் ஒரு வாட்டி பாக்கணும்னு இருந்திச்சி.

சம்பங்கி: பாத்தியா?

ஏனோக்: பாத்தேன். ஒண்ணும் இல்ல.