நாலாவது முறை தேறியபோது

இட்லிக்கு நான் வேர்க்கடலைச் சட்னிதான் அரைப்பேன். தேங்காய்ச் சட்னியில் மாத்திரையின் கசப்பு தெரிந்துவிடும். மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால்தான் இதெல்லாம் தெரியவரும்.

போலீஸ் ஸ்டேஷனில் வந்து சட்னிக் கதை பேசுகிறாளே என்று பார்க்கிறீர்கள் மேடம். போன வாரம் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தானே ரெக்ஸ், அவன் அம்மா அந்தோணிமேரி நான். டிரைவர் புருஷோத்தமனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அந்த மனிதர் மேல் தப்பில்லை. ஹாரன் அடித்திருக்கிறார். அதைக் கேட்டு ஒதுங்குகிற நிலைமையில் என் மகன் இல்லை.

பத்தொன்பது வயதில் அவனுக்குப் புத்தி பேதலித்தது. காதில் யாரோ பேசுகிறார்கள் என்றான். ஏழு வருஷத்தில் மூன்று முறை தேறினான். ஒவ்வொரு முறையும் மெழுகுவர்த்தி ஏற்றினேன், தெருவெல்லாம் சொன்னேன், புதுச் சட்டை எடுத்தேன். மூன்று முறையும் திரும்ப வந்தது. முதல் தடவை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் செருப்பில்லாமல் கிடந்தான். அடுத்த தடவை என்னையே யார் என்று கேட்டான். மூன்றாவதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கழுத்துத் தழும்பை நீங்களே பார்த்திருப்பீர்கள். நோயைக்கூடத் தாங்கிவிடலாம். தேறிவிட்டான் என்று நம்பிய பிறகு வருகிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

போன தை மாதம் நாலாவது முறை தேறினான். மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பாதியை அவனே ஒழுங்காக விழுங்கினான். தானே ஷேவ் செய்துகொண்டான், கோயிலில் பாடப் போனான். அவன் சிரிக்கச் சிரிக்க, மறுபடி வந்துவிடுமோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சீட்டைக் காட்டி வேறு கடையில் வாங்கி, டாக்டர் குறைத்த பாதியை நான் சட்னியில் கலந்தேன். போகப் போகக் கொஞ்சம் கூட்டினேன்.

ஒருநாள் அவனே கேட்டான்.

"ஏம்மா, மாத்திரய கொறச்சும் தூக்கமாவே வருது. நான் தேறவே மாட்டனா?"

"தேறிடுவடா. சாப்புடு" என்றேன்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனால் நாலு மாதம் நன்றாக இருப்பான், அப்புறம் எங்கிருந்தாவது எனக்குப் போன் வரும். அதனால் அவன் வேலையில் சேர வேண்டிய அன்று காலை இரண்டு மாத்திரை அதிகம் சேர்த்தேன். படுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். நான் மீன் கூடையோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனதும், முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். வேலைக்குப் போக அவனுக்கு அவ்வளவு ஆசை இருந்தது எனக்குத் தெரியாது.

விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று மட்டும் எழுதாதீர்கள் மேடம். என் பிள்ளை தேறி வருகிறான் என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஐந்து மாதம் அவன் பாயில் தூங்கிக்கொண்டே கிடந்தான். அந்த ஐந்து மாதம்தான் அவனை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.