ஈரப்புடவையும் பேக்லைட்டும்

"எங்காத்துக்காரிக்கு மடியா இருக்கறச்சே காது கேக்கமாட்டேங்கறது, பாய்."

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் முன் சீட்டு ஐயங்கார் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் ரேடியோ ரிப்பேர் கடை பாய். மனைவி இடுப்பில் சொருகிக்கொள்ளும் காதுக் கருவிப் பெட்டியை ஐயங்காரே செய்திருக்கிறார் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"உள்ள இருக்கற சர்க்யூட்டை எந்தத் தகட்டு மேல கட்டினீங்க, சாமி?"

"பேக்லைட் அட்டைதான்."

"அது உள்ள வெறும் காகிதமாச்சே. மடிக்கு நனைச்ச புடவையில சொருகினா தண்ணியைக் குடிச்சிட்டுக் கரகரங்கும். தோல் உறை போடலாமே?"

"தோல் மடிக்கு ஆகாது. பொண்ணு பிரசவிச்சு ஆத்துல இருக்கா. விடியக்காலம் அவ அசந்து தூங்கறச்சே குழந்தை அழுதா, அடுப்படியில இவளுக்குக் கேக்கலே."

"அப்ப கண்ணாடி நார்த் தகடுதான். ஈரம் ஏறாது. அறுத்தா தூசு பட்டு உடம்பெல்லாம் அரிக்கும், பரவாயில்ல, நானே அறுத்துத் தரேன். மெட்ராஸ்லேர்ந்து வர ஒரு வாரம் ஆகும்."

பஸ் காவிரிப் பாலம் தாண்டியதும் ஐயங்கார் பாய் பக்கம் திரும்பினார்.

"சரி, அதுவரைக்கும் அடுப்படிக்கு நான் போறேன். அவ உலர்ந்த புடவையோட குழந்தைகிட்ட உக்காந்துக்கட்டும்."

"சமைக்கத் தெரியுமா, சாமி?"

"தெரியாது. அங்கேர்ந்தே அவ சொல்லிக்கொடுப்பா. எனக்குத்தான் காது நன்னாக் கேக்கறதே."