ஆயிரத்துச் சொச்சம் புள்ளி

— இந்த மிசௌரி மாநிலத்துலயே கம்பெனி குடுத்தது குடுத்தபடி, ஒரு கீறல்கூட மாத்தாம இருக்குற பிஸ்டல் ஒண்ணே ஒண்ணுதான், வெர்னா. அது என்னோடது. எனக்கப்புறம் அதை மியூசியத்துக்குக் குடுக்கணும்னு உயில்லயே எழுதியாச்சு.

— மியூசியத்துல கேட்டியா, அண்ணே?

— கேக்கணுமா என்ன? அவங்களே வந்து வாங்கிட்டுப் போவாங்க.

— சரி. அந்த ஜன்னலைத் திற. புகை கண்ணைக் கரிக்குது.

— கரிக்காம? பிளாஸ்டிக் பிடியில பழுக்கக் காய்ச்சின கம்பிய வச்சுக் குத்துனா மல்லிப்பூ வாசமா வரும்?

— என் பிஸ்டல் பிடிய இன்னும் தொடவே இல்ல. இப்பக் குத்துறது காய் நறுக்குற பலகைய.

— நேத்தும் பலகையத்தானே குத்துன?

— முந்தாநாளும். எவ்வளவு நேரம் வச்சா புள்ளி, எவ்வளவு வச்சா பள்ளம்னு கைக்குத் தெரியணும். பிடியில பள்ளம் விழுந்தா விழுந்ததுதான்.

— இருபது இன்ஜினீயர் உக்காந்து யோசிச்சுச் செஞ்ச பிடி. முப்பத்தொரு வருசம் வீடு வீடாத் தபால் போட்ட பொம்பளை அதைத் திருத்தப் போறா. நல்லா இருக்கு.

— அந்த இருபது பேர்ல யாருக்காவது கட்டைவிரல் மூட்டுல ஆபரேசன் ஆயிருக்கா?

— அது எனக்கு எப்படித் தெரியும்?

— எனக்கு ஆச்சு. போன மாசம் மேட்ச்சுல நீயும் பக்கத்துல நின்னுதானே சுட்ட? மூணாவது குண்டுக்கே பிடி வழுக்கித் திரும்பிருச்சு. முனை ஆளு நிக்கிற பக்கம் போச்சு. நடுவர் என்ன சொன்னாரு?

— இன்னொரு தரம் இப்படி ஆனா, இனிமே சுடுற கோட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னாரு.

— பதினேழு வருசமாச் சுடுறேன், டாயில் அண்ணே. பிடி பூராப் புள்ளி குத்திச் சொரசொரப்பா ஆக்கிட்டா, அந்த இன்னொரு தரம் சனிக்கிழமை மேட்ச்சுல நடக்காது. அவ்வளவுதான்.

— பேசாம விட்டுட்டு, சர்ச்சுல ஒட்டுப்போர்வை தைக்கிற கூட்டத்துல சேரு. டோனட்டும் உண்டு.

— அங்க உன் முதல் பொண்டாட்டி இருக்கா.

— அப்ப வேண்டாம்.

— சரி, தொடங்குறேன். மேல்பாகத்தையும் குழாயையும் கழட்டி அடுத்த ரூம்ல வச்சாச்சு. குண்டு ஒண்ணுகூட இந்த கராஜுல இல்ல. நீயும் ஒரு தரம் பாத்துரு.

— பாத்துட்டேன். அந்த நீல டேப் எதுக்கு?

— எல்லை. அதைத் தாண்டிப் புள்ளி போகாது. துப்பாக்கி நம்பர் தகட்டுக்கு ரெண்டு சுத்து. அது அழிஞ்சா ஜெயிலு.

— மொத்தம் எத்தனை புள்ளி?

— ஆயிரத்துச் சொச்சம்.

— ஆப்பிள் பை பலகாரத்துக்கு விளிம்புல முள்கரண்டியால குத்துற மாதிரி. கடவுளே. எந்த ஆம்பளையும் தன் துப்பாக்கிக்கு இதைச் செய்யமாட்டான். சொல்லிட்டேன்.

— சொல்லிட்ட. இப்ப வீட்டுக்குப் போ.

*

— அண்ணே, எத்தனை தரம் போன் பண்றது? அதான் நேர்லயே வந்துட்டேன். சனிக்கிழமை மேட்ச்சுக்கு நீ ஏன் வரல? அறுபது குண்டு சுட்டேன். ஒரு தரம்கூடத் திரும்பல. நடுவரே வந்து பிடியைத் தடவிப் பாத்துட்டு, எங்க செஞ்சதுன்னு கேட்டாரு.

— கேள்விப்பட்டேன். சந்தோசம். உள்ள வராத.

— ஏன்? என்ன இது, உன் கராஜுலயும் அதே நாத்தம்?

— எலி செத்துருக்கும்.

— எலி எதுக்கு நீல டேப் ஒட்டிக்கிட்டுச் சாகுது? அண்ணே, அது உன் பிஸ்டல் பிடிதானே?

— ஆமா.

— ஏன் அண்ணே?

— மார்ச்சுலேர்ந்து இந்த ரெண்டு விரல்லயும் உணர்ச்சி இல்ல, வெர்னா. போன மாச மேட்ச்சுல முனை திரும்புனது உன் கையில மட்டும் இல்ல, என் கையிலயும்தான். நடுவர் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு, நான் வாயைத் திறக்கல. கொஞ்சம் தள்ளி நில்லு, பேச்சுக் குடுக்காத, புள்ளிக் கணக்கு விட்டுரும். இருநூத்திப் பன்னெண்டு.