தாஸின் துப்பாக்கியிலிருந்து எடுத்த கொக்கி

"படு!"

சேகர் கத்துகிறான். படுக்கிறேன். விசில் சத்தம். பிறகு இடி. வாயெல்லாம் மண். பதுங்குகுழிச் சுவர் சரிகிறது. துடைப்பதற்காகக் கழற்றி வைத்திருந்த என் துப்பாக்கிப் பாகங்கள் மேல் கல் விழுகிறது.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். வடக்கே, மலை உச்சியில் ஒரு காவல் முகாம். ஏழு பேர் ஏறியிருந்தோம். காலையில் குண்டு பட்டுத் தாஸ் போய்விட்டான். மூன்று பேரைக் காயத்தோடு கீழே இறக்கினார்கள். மிச்சம் மூவர். எங்கள் தலைவர் நாயக் பால்ராஜ். கொட்டிவாக்கம் சேகர். மயிலாப்பூர்க்காரன் நான்.

கல்லை நகர்த்திப் பார்த்தேன். ஒரு சின்னக் கொக்கியின் முனை உடைந்திருந்தது. சுட்ட பிறகு வெறும் தோட்டாக் கூட்டை வெளியே இழுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ஒரு முறை சுடலாம். அப்புறம் கம்பி விட்டுக் குத்திக் கூட்டை எடுக்க வேண்டும். அதற்குள் எதிரி தலைக்கு மேல் நிற்பான்.

"ராவிப் பாரு. கொஞ்சம் பிடிச்சாலும் போதும்," என்றார் நாயக்.

அரத்தை எடுத்து ராவினேன்.

"நீ ராவிக்கினே இரு. அவனுங்க மேல வந்து டீ கேப்பானுங்க," என்றான் சேகர். "தாஸோடத கழட்டு நைனா."

தாஸின் துப்பாக்கிக் குழாய் வளைந்துவிட்டது. சுட உதவாது. உள்ளே கொக்கி மட்டும் நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் முகாமில் ஒரு வழக்கம். இறந்தவனின் துப்பாக்கியைத் தலைகீழாக நட்டு, விபூதி பூசுவோம். உடலோடு அது முழுசாகக் கீழே இறங்கவேண்டும். அதுவரை யாரும் தொடுவதில்லை. சட்டம் இல்லை. நாங்களே வைத்துக்கொண்டது.

"விபூதி பூசியாச்சுடா," என்றேன்.

"பீடி ஒண்ணு கேட்டா ரெண்டா குடுப்பான் அவன். கொக்கி குடுக்க மாட்டானா?"

ராவிய கொக்கியை மாட்டிச் சுட்டேன். முதல் கூடு வந்தது. இரண்டாவது சிக்கிக்கொண்டது. கீழே சரிவில் கற்கள் உருளும் சத்தம். ஏறுகிறார்கள்.

நாயக் என்னைப் பார்த்தார். "உன் துப்பாக்கி. நீதான் சொல்லணும்."

தவழ்ந்து போனேன். தாஸ் கம்பளிக்கு அடியில் கிடந்தான். "தம்பி, கடனாத்தான் எடுக்கிறேன். நீ இறங்கறதுக்குள்ள திருப்பி வெச்சுடறேன்." கற்பகாம்பாள் பேரைச் சொல்லி, பக்கத்தில் நட்டிருந்த அவன் துப்பாக்கியிலிருந்து கொக்கியைக் கழற்றினேன். விரல் மரத்துப்போயிருந்தது. ஊசி போன்ற ஆணி ஒன்று மண்ணில் விழுந்தது. தேடுகிறேன். கிடைக்கவில்லை. மேலே சேகரின் துப்பாக்கி. டப். டப். பிறகு நாயக் வீசிய குண்டின் சத்தம். மறுபடி டப். ஆணி கிடைத்தது. கொக்கி பொருந்தியது.

டப் நின்றது.

தோட்டா மாற்றுகிறான் என்று நினைத்தேன்.

"சேகர்!"

எழுந்து சுட்டேன். கூடு துள்ளி வெளியே விழுந்தது. மறுபடி சுட்டேன். மறுபடி விழுந்தது. சாயங்காலத்துக்குள் அவர்கள் பின்வாங்கினார்கள். அந்தக் கொக்கி ஒரு முறையும் ஏமாற்றவில்லை. சேகர் சுவரில் சாய்ந்தபடியே இருந்தான். கழுத்தில் பட்டிருந்தது.

மறுநாள் காலை உடல்களை இறக்க ஆட்கள் வந்தார்கள். நான் கொக்கியைக் கழற்றித் தாஸின் துப்பாக்கியில் மாட்டினேன்.

"அவனுங்க திரும்ப வந்தா?" என்றார் நாயக். ஒரு கண்ணில் கட்டு.

"வாக்குக் குடுத்துட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. தன் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்.

லீவில் வந்ததும் கொட்டிவாக்கம் போனேன். சேகரின் அம்மா வாசலிலேயே கேட்டார். "அன்னிக்கு எம்புள்ள சாப்ட்டானாப்பா?"

"சாப்ட்டான்மா. என் பங்கு ரொட்டியையும் புடுங்கித் தின்னான்."

"தின்னுவான்," என்றார். சிரித்தார். அப்புறம் அழுதார்.

இப்போது அடையாறில் ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் காவல் வேலை. கார்த்திகையில் நானும் வீட்டுக்காரியும் கபாலி கோயிலில் மோட்ச தீபம் ஏற்றுகிறோம். படிப்பவர்கள் இந்தப் பேர்களை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தாஸ். சேகர். காயத்தோடு கீழே கொண்டுபோகும் வழியிலேயே போன லட்சுமணன். நாயக்கின் வலது கண். என் இடது காது. தாஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சேகருக்கு ஒரு பெண் குழந்தை. அவன் அதைப் பார்த்ததில்லை.