எல்ம் மரத்துக்கும் ஒரு சீட்

ஒத்தக்கடை ஷேர் ஆட்டோவில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியும் அவள் கணவரும் நானும் இருந்தோம். அவர்களோடு பெரியவர்கள் யாரும் வரவில்லை. இருவருக்கும் நடுவே சீட்டில் ஒரு போன்சாய்த் தொட்டி; எல்ம் என்ற வெளிநாட்டு மரத்தைக் கிளைகளில் கம்பி சுற்றிக் குட்டையாக வளர்த்திருந்தார்கள்.

"ஸ்கேன்ல புள்ள வளர்ச்சி கம்மிங்குறாங்க. நீங்க இதை வெட்டி வெட்டிக் கம்பி சுத்துறீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்? வேகமா வளர்ற மரம், புதுசாப் பழகத் தோதுன்னு வீடியோவுல சொன்னாங்க."

"வளர்றதை ஏங்க தடுக்கணும்? உங்க கையில சிக்குனா யானையும் பூனையாயிரும். எனக்குப் பயமா இருக்கு."

அவர் கம்பியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்.

"அவனியாபுரத்துல எங்கம்மா வீட்டுப் பின்னாடி நட்டுருங்க."

"நட்டுருவோம்மா. அது இஷ்டத்துக்கு வளரட்டும்."

மாட்டுத்தாவணியில் இறங்கினார்கள்.

"தொட்டி ஒரு சீட்டை அடைச்சிருச்சுண்ணே, மூணு பேருக்குக் குடுங்க" என்றார் ஓட்டுநர்.

கணவர் பேரம் பேசவில்லை. மூன்று பேருக்குமாக அறுபது ரூபாய் கொடுத்தார்.