கடலை மாவு

பஜ்ஜி மாவில் ஒரு கை அரிசி மாவு சேர்த்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும் என்பாள் என் மனைவி ஜெயலீலா. நான் அதையெல்லாம் கவனித்ததே இல்லை. முப்பது வருஷமாகத் தட்டில் வந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற ஆள். அந்தச் சனிக்கிழமை மட்டும் அவள் மாவு கரைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, அதிசயமா கிச்சன் பக்கம்?" என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

தமிழில்தான் சொல்வேன் என்று நான் அடம்பிடித்ததால் உங்களை மறுபடியும் வரவழைத்திருக்கிறார்கள், அனந்தராமன் சார். எனக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. பிளானோவுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, அதில் இருபத்து மூன்று வருஷம் டெஸ்ட் எஞ்சினியர் வேலை. ஆனால் நடந்தது தமிழில் நடந்தது. நீங்கள் மெதுவாகவே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், டிடெக்டிவ் மேடம் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். வியாழக்கிழமைக்குள் முடிந்தால் போதும். வியாழக்கிழமை எப்பாவை அவளுடைய அம்மா ஸ்வீடனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். இன்றைக்குச் செவ்வாய்.

முதலில் ஒன்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜெயலீலாவுக்கு எதுவும் தெரியாது.

எப்பா என்பது அந்தப் பெண்ணின் பெயர்தான். ஸ்வீடனில் சாதாரணப் பெயராம். அவர்கள் உச்சரிப்பில் நடுவில் கொஞ்சம் அழுத்தம் குறைவு, நம் வாயில் எப்பா என்றுதான் வரும். நாகர்கோவில் பக்கம் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுவது அப்படித்தான், உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் மகன் ஜெஃப்ரினும் சின்ன வயசில் அப்படித்தான் கூப்பிட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பெட்டியும் ஒரு கோல்ஃப் பையுமாக அவள் வாசலில் வந்து நின்று பெயரைச் சொன்னபோது லீலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இனிமே இந்த வீட்ல ரெண்டு எப்பா" என்றாள். காரணத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணும் சிரித்து, அன்றிலிருந்து என்னை எப்பா என்றே கூப்பிட்டாள். நான் அவளை எப்பா என்பேன், அவள் என்னை எப்பா என்பாள்.

அவள் இங்கே டெக்சஸிலேயே ஸ்காலர்ஷிப்பில் காலேஜ் முடித்து அப்போதுதான் புரொஃபஷனல் ஆகியிருந்தாள். இருபத்திரண்டு வயசு. இரண்டாம் நிலை டூரில், ஊர் ஊராக நடக்கிற போட்டித் தொடரில், ஆடுகிற பிள்ளைகளுக்கு ஹோட்டல் செலவு கட்டுப்படியாகாது. உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் இடம் கொடுப்பார்கள். எங்கள் கோல்ஃப் கிளப்பில் கேட்டார்கள், ஜெஃப்ரினின் அறை காலியாக இருந்தது. அவன் பதினேழு வயசு வரைக்கும் கோல்ஃப் ஆடினான். பத்து வருஷம் சனி, ஞாயிறு ஒன்று விடாமல் டோல்வேயில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விட்டவன் நான். ஒரு நாள் பையைக் கராஜில் வைத்துவிட்டு, "I'm done, Dad" என்றான். இப்போது தூரத்தில் ஃப்ரீமான்ட் என்கிற ஊரில் வேலை, கிறிஸ்துமஸுக்கு ஃபோன் வரும். அதைப்பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

வந்த அன்றைக்கே எப்பா ஒரு அட்டையை நீட்டினாள். வேர்க்கடலை அவளுக்கு ஆகாது. வாயில் பட்டாலே தொண்டை அடைத்துவிடும். அவசரத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ள இரண்டு ஊசிப் பேனா வைத்திருந்தாள், கோல்ஃப் பையில் ஒன்று, கைப்பையில் ஒன்று. லீலா பயந்துபோய்க் கடலை என்று பெயர் உள்ள எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள். பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு, ஒன்று பாக்கி இல்லை. நான்தான் உட்காரவைத்து விளக்கினேன். வேர்க்கடலை வேறு, கடலைப்பருப்பு வேறு, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். "எல்லாம் கடலைதானங்க?" என்றாள். இரண்டு வாரம் கழித்துத்தான் பஜ்ஜி போட அவளுக்குத் தைரியம் வந்தது. அப்போது வாங்கிய கண்ணாடி டப்பாவில் 'கடலை மாவு' என்று லேபிள் எழுதி ஒட்டியதும் நான்தான். அந்த டப்பாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. எதைத் தட்டில் வைத்தாலும் எப்பா புருவத்தைத் தூக்கி, தமிழில், "கடலை?" என்பாள். லீலா, "இது வேற கடலை" என்பாள். அப்புறம்தான் கை தட்டுக்குப் போகும். வெறும் தயிர்சாதம் வைத்தால்கூடக் கேட்பாள்.

முதல் வருஷம் அவளுக்கு ஆட்டம் சுத்தமாக வரவில்லை. போட்டி மூன்று நாள் நடந்தால் இரண்டாவது நாளோடு பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள், அந்தப் பாதியில்தான் இருந்தாள். அந்தச் சமயத்தில் என் ஆபீஸில் ஆள் குறைத்தார்கள், நானும் வீட்டுக்கு வந்தேன். அவளுடைய பையைத் தூக்குகிற ஆள் பாதியில் விட்டுவிட்டுப் போக, ஒரு வாரத்துக்கு நான் வருகிறேன் என்று சொன்னேன். லீலா அவள் அக்கா ஜூலியட்டுக்கு ஃபோன் போட்டு, "அவங்க இப்ப கேடி" என்றாள். கோல்ஃபில் பை தூக்குகிறவருக்குப் பெயர் அது. ஊரில் அக்காவுக்குத் தெரிந்த கேடி வேறு, போலீஸ் லிஸ்டில் இருக்கிறவன். "ஐசக் அப்படி என்னடி செஞ்சாரு?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒரு வாரம் இரண்டு வருஷம் ஆயிற்று. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண்ணின் கைவேகம் கடவுள் கொடுத்தது. இல்லாதது நிதானம். அதை நான் கொடுத்தேன். ஒவ்வொரு மைதானத்துக்கும் விடியற்காலையில் முன்னாடியே போய், புல் எந்தப் பக்கம் சரிகிறது, காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று நோட்டில் எழுதி வைப்பேன். டெஸ்ட் எஞ்சினியருக்கு அது பழகிய வேலைதானே. நாலாவது மாசம் முதல் பத்துக்குள் வந்தாள். அடுத்த வருஷம் ரவுண்ட் ராக் பக்கம் ஒரு போட்டியில் கடைசிக் குழி, பன்னிரண்டு அடி தூரம். இடது பக்கம் வளையும் என்று அவள் நினைத்தாள். "வளையாது எப்பா, நேரா தட்டு" என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், நேராகத் தட்டினாள், விழுந்தது. முதல் கோப்பை அதுதான். இன்னொன்றும் ஜெயித்தாள். வருஷக் கடைசியில் பெரிய டூருக்கு இடம் கிடைத்தது. ஸ்வீடன் பத்திரிகைகளில் படம் வந்தது, படத்தின் ஓரத்தில் என் தொப்பியும் தெரிந்தது.

இரண்டாவது ஜெயித்த அன்றைக்கு டிவிக்காரர், பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர் யார் என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "ஓ, அவர் என் ஹோஸ்ட். ரொம்ப நல்லவர், உதவிக்கு வருகிறார்" என்றாள். ஹோஸ்ட் என்றால் தமிழில் என்ன சார்? வீடு கொடுத்தவர் என்று சொல்லலாமா? நானும் ரொம்ப நாள் யோசித்தேன், சரியான வார்த்தை கிடைக்கவில்லை.

நான் கோபப்படவில்லை. நான் கோபக்காரன் இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

பத்து நாள் கழித்துச் சாப்பாட்டு மேஜையில் அவளே சொன்னாள். ஃப்ளோரிடாவில் வீடு பார்த்தாயிற்று, இருபது வருஷ அனுபவம் உள்ள ஒரு கேடி கிடைத்திருக்கிறார், திங்கட்கிழமை கிளம்புகிறேன். சொல்லும்போது அழுதாள். "You'll sit with my mom, in the family seats, எப்பா" என்றாள். வெரி குட் டிசிஷன் என்று சொல்லித் தோளில் தட்டிக்கொடுத்தேன். லீலாவும் அழுதுகொண்டே, போகும் முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பிடித்த வாழைக்காய் பஜ்ஜி போடுவதாகச் சொன்னாள்.

அந்த ஃப்ளோரிடா ஆளைப் பற்றி நான் விசாரித்தேன். பிள்ளைகளை விரட்டி வேலை வாங்குகிறவர். எப்பாவுக்கு அது ஒத்துவராது. அவளுக்கு யோசிக்க ஒரு வாரம் அவகாசம் கிடைத்தால் போதும், மனசு மாறிவிடும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஒரு வாரம் உடம்புக்கு முடியாமல் வீட்டில் படுத்திருந்தால் போதும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஜிம் போகிற பிள்ளைகள் பாலில் கலந்து குடிப்பதற்கு வேர்க்கடலையை அரைத்துப் பொடியாக விற்கிறார்கள். அதுவும் கடலை மாவுதானே, சார். பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. லேபிளைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோல்ஃப் பையைக் கூரியரில் ஃப்ளோரிடாவுக்கு அனுப்பிவைத்தேன். அவள்தான் அனுப்பச் சொன்னாள். அதோடு ஒரு பேனா போயிற்று. சனிக்கிழமை நாலரை மணிக்கு லீலா முதல் ஈடு எடுத்தாள். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றதால் தட்டை நான் கொண்டுபோய் வைத்தேன். எப்பா வழக்கம்போல் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்து, "எப்பா, கடலை?" என்று கேட்டாள்.

"இது வேற கடலை" என்றேன்.

அரைப் பஜ்ஜிதான் சாப்பிட்டாள். முதலில் உதட்டைத் தடவினாள். அப்புறம் கைப்பையை எடுத்து மேஜைமேல் கொட்டினாள். சாவி, சீப்பு, பாஸ்போர்ட் எல்லாம் விழுந்தது. லீலா ஓடிவந்து பார்த்துவிட்டு 911-க்கு ஃபோன் போட்டாள். அட்ரஸ் சொல்ல வராமல் தடுமாறினாள், நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். எப்பா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். மேலே என் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பன்னிரண்டு அடியில் பார்த்த மாதிரியே.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. கைப்பையில் இருந்த பேனாவை மத்தியானமே எடுத்து என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன், தேவைப்பட்டால் நானே குத்தலாமே. ஆனால் அங்கே நிற்கும்போது ஒரு கணக்கு மனசில் ஓடியது. உடனே குத்தினால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும். திங்கட்கிழமை கிளம்பிவிடுவாள். அதனால் கொஞ்சம் பொறுத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஏழு நிமிஷம். ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சோபாவுக்கு அடியில் கிடைத்த மாதிரி எடுத்துக் குத்தினேன். தாமதம் என்று அப்புறம் டாக்டர் சொன்னார், மூளைக்குக் காற்று போகாத நேரம் அதிகமாம்.

மாவைப் பரிசோதித்தார்கள், வேர்க்கடலை இருந்தது. அன்றைக்கும் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். நீங்கள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை, யாருக்கு வேண்டுமானாலும் தவறு நடக்கலாம் என்று அவ்வளவு பரிவாக எடுத்துச் சொன்னீர்கள். உங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை, நீங்கள் சொன்னது சரியான தமிழ். லீலா அதைப் பிடித்துக்கொண்டாள். "கடையில நான்தான் மாத்தி எடுத்துட்டேன்" என்றாள். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

ஏழு மாசம் ஆகிறது. லீலா அடுப்புப் பக்கம் போவதில்லை. சர்ச்சில் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஜெஃப்ரின் வாரம் இரண்டு தடவை ஃபோன் செய்து, "Is Mom eating?" என்று கேட்கிறான். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தினமும் ரீஹேப் சென்டருக்குப் போகிறேன். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். சக்கர நாற்காலியைத் தோட்டத்துப் புல்தரைக்குத் தள்ளிக்கொண்டு போய், வலது கையை நானே மடக்கிப் பிடித்து மட்டையைக் கொடுப்பேன். விரல் மூடுவதில்லை. பந்து ஒரு அடி உருளும், சில நாள் அதுவும் இல்லை. பேச்சு இன்னும் வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் வருகிறது, எப்பா என்று. தன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறாள் என்கிறார்கள் டாக்டர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது, சார். அவசரம் இல்லை, டூர் இல்லை, டிவி இல்லை. அப்படி இருக்கும்போது, போன வாரம் அவளுடைய அம்மா வந்து, அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, வியாழக்கிழமை டிக்கெட் போட்டாயிற்று என்றார். என்னைக் கட்டிப்பிடித்து, என் மகளை இரண்டு வீடு வளர்த்தது என்றார். வீல்சேரோடு விமானத்தில் பதினாலு மணி நேரம், யோசித்துப் பாருங்கள். நான் எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை.

நான்தான் செய்தேன். மாவைக் கலந்தது, பேனாவை எடுத்தது, ஏழு நிமிஷம் நின்றது, எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் டிடெக்டிவ் மேடத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். இனிமேல் இது பெரிய கேஸ் ஆகிவிடும் இல்லையா? கேஸ் முடிகிறவரைக்கும் எப்பா இந்த ஊரைவிட்டுப் போக முடியாதுதானே?